இளவரசியின் பங்காளிகள்

2002ஆம் ஆண்டு ஆடி மாதம் நான்காவது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ஏற்காட்டு மலையில் உள்ள கொட்டச்சேட்டில் பாவாயியின் சாமைக் காட்டில் ஒரு பெண் குழந்தை காற்றில் வந்து இறங்கியது. வயது ஒன்றரை இருக்கும். உச்சந்தலையில் வெள்ளைப் பஞ்சு மயிர் குடைபோல விரிந்திருந்தது; கால் தரையில் பட்டதும் அது மடங்கிக்கொண்டது. காற்று அன்று சேலம் பக்கமிருந்து அடித்ததா, குப்பனூர் பக்கமிருந்து அடித்ததா என்பதில் மட்டும் ஊரில் இன்றைக்கும் கருத்து வேறுபாடு உண்டு. குழந்தை இல்லாத விதவையான பாவாயி களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு அதைத் தூக்கிக்கொண்டாள். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தாள், மூன்று மாதம் காத்திருந்தாள், யாரும் தேடி வரவில்லை. பஞ்சு மயிர் ஒரு வாரத்தில் உதிர்ந்து கறுப்பு மயிர் முளைத்தது. உதிர்ந்ததை மஞ்சள் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். இளவரசி என்று பெயரிட்டாள். ரேஷன் அட்டையில் பெயர் சேர்ந்தது, பள்ளிக்கூடம் முடிந்தது, ஏற்காடு டவுனில் ஒரு நர்சரியில் வேலை கிடைத்தது. இருபத்து மூன்று வருடங்களில் அவள் காற்றில் வந்தவள் என்பதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. சிலர் பஸ்ஸில் வருகிறார்கள், சிலர் இப்படி.

சிக்கல் கல்யாணப் பேச்சில்தான் வந்தது. எஸ்டேட்டில் சவுக்கு மரமேறி, அதில் படர்ந்த மிளகைப் பறிக்கும் சிவக்குமாரும் இளவரசியும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். சிவக்குமாரின் அப்பா ஐயாக்கண்ணுவுக்கும் பெண்ணைப் பிடித்திருந்தது. ஆனால் பெண்ணின் குலம் தெரியவில்லை. ஒரே குலத்தவர் பங்காளிகள். அவர்களுக்குள் ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கை. வளர்த்தவளின் குலத்தைக் கொடுக்கலாம் என்றால், பாவாயியின் கணவர் ஐயாக்கண்ணுவுக்கே பங்காளி. அந்தக் குலத்தை எடுத்துக்கொண்ட மறுகணம் இளவரசி சிவக்குமாருக்குத் தங்கையாகிவிடுவாள்.

"பொண்ணு மேல ஒரு கொறையும் சொல்லலீங்க அண்ணி," என்றார் ஐயாக்கண்ணு. "நாளைக்கு எவனாச்சும் வந்து இவ உங்க கொலத்துப் புள்ளதான்னு சொன்னா, அந்தப் பாவம் எந்தலையிலதான விடியும்? வைகாசி பதினஞ்சுக்குள்ள அவளுக்குப் பங்காளின்னு ஒருத்தர் வந்து எங்கிட்ட வெத்தல பாக்கு மாத்தட்டும். வரலீன்னா இந்தப் பேச்ச உட்டுர்லாம்."

சிவக்குமார் இரண்டு நாள் மரத்தைவிட்டு இறங்கவில்லை. பாவாயி யோசித்தாள். காற்றில் வந்தவளின் உறவுக்குக் காற்றில்தான் சேதி போக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. மஞ்சள் தடவிய அழைப்புப் பத்திரிகை நூறு அடித்து, ஒவ்வொன்றையும் நகக்கண் அளவுக்குக் கிழித்து, லேடிஸ் சீட் என்கிற மலைமுனையில் நின்று அவளும் இளவரசியும் பள்ளத்தாக்கில் ஊதிவிட்டார்கள். குப்பை போடுகிறார்கள் என்று ஒரு சுற்றுலாப் பயணி போனில் படம் பிடித்தார். படத்தில் துண்டுகள் ஒன்றுகூடக் கீழே விழவில்லை. எல்லாம் மேலே போயின.

வைகாசி பதினைந்தாம் தேதி காலை ஏழு மணிக்குக் குப்பனூர் வழியாக ஏறிய முதல் பஸ்ஸில் பதினேழு செடிகள் வந்து இறங்கின. கண்டக்டர் உட்கார்ந்தவற்றுக்கு முழு டிக்கெட்டும் மடியில் இருந்தவற்றுக்கு அரை டிக்கெட்டும் கொடுத்திருந்தார். செவ்வந்தி நான்கு நிறங்களில் குடும்பத்தோடு வந்தது. செண்டுமல்லி இரண்டு வரிசையாக வந்தது. வாய்க்கால் ஓரத்துக் கரிசலாங்கண்ணி ஈரக் காலோடு பாவாயி வீட்டு வாசலில் தயங்கி நின்றது. மரிக்கொழுந்தின் வாசனை ஆறு மணிக்கே வந்துவிட்டது, செடி பின்னால் வந்தது. குசும்பா தன் முள் யார் மேலும் படாமல் ஒதுங்கி உட்கார்ந்தது. டவுன் ஹோட்டல் சமையற்கட்டிலிருந்து ஒரு லெட்டூஸ், பாதி நறுக்கிய நிலையில், அப்படியே புறப்பட்டு வந்திருந்தது. பங்களாக்களிலிருந்து டேலியாக்கள் கொஞ்சம் தாமதமாக வந்தன. சூரியகாந்தி கிழக்கே பார்த்துக்கொண்டே நடந்ததில் வெள்ளக்கடை ஊர்வரை போய்த் திரும்பியது. வாசலில் எப்போதும் மிதிபட்டுக்கொண்டிருக்கும் வெட்டுக்காயப் பூண்டு, வேரைத் தட்டிக்கொண்டு எழுந்து நாலடி நடந்து உள்ளே வந்தது. சோலைக்காட்டிலிருந்து ஒரு மரமும் வந்தது. பூவைப் பார்த்தால் அதே ஜாடை. மூன்று நாள் முன்பே கிளம்பியதாகத் தெரிகிறது. தோட்டத்துக் கேட்டுகளில் குனிந்து வர நேரமாகிவிட்டது.

ஐயாக்கண்ணு உறவினர்களோடு வந்து பார்த்தார். இத்தனை பேரை எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் முறை முறைதான். இவர்களெல்லாம் ஒரே குலமா, பெண் இவர்களைச் சேர்ந்தவளா என்று விசாரிக்க வேண்டும் என்றார். பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தும் மரியஅந்தோணி பூதக்கண்ணாடியோடு வரவழைக்கப்பட்டார். அவர் செண்டுமல்லியிடம் அனுமதி கேட்டு ஒரு பூவைப் பிரித்தார்.

"இது ஒரு பூ இல்லீங்க. நூத்துக்கு மேல பூ ஒரே தட்டுல ஒக்காந்திருக்குது. ஓரத்துல இருக்கறது ஒவ்வொண்ணும் ஒரு இதழ நீட்டி விருந்தாளிய வாங்கன்னு கூப்புடும். நடுவுல இருக்கறது குழல் மாதிரி, நூலாட்டம். இவங்க எல்லாருக்குமே ஒரே பந்திதான்." செவ்வந்தி, குசும்பா, மரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். மரத்தின் பூவில் ஓரத்து இதழ் இல்லை, தட்டு இருந்தது. லெட்டூஸ் இன்னும் பூக்கவில்லை. இலையைக் கிள்ளி வடிந்த பாலைப் பார்த்து, இதன் கிளையில் இப்படித்தான் என்றார்.

"எத்தன தலமொறைக்கு முந்திப் பிரிஞ்சாங்க?" என்று ஐயாக்கண்ணு கேட்டார்.

"எட்டுக் கோடி வருசம் இருக்குமுங்க. மொதல்ல தென் அமெரிக்காவுல இருந்ததாச் சொல்றாங்க."

"நாம காஞ்சிபுரத்துல இருந்து மலையேறி வந்ததே தூரம்னு பேசிக்கிட்டிருக்கறோம்," என்றார் பின்னால் ஒருவர். "அவ்வளவு தலமொற தள்ளுனா சாவுத் தீட்டுகூட இல்ல. நல்ல பங்காளிங்க."

பாவாயி மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்தாள். ஆசிரியர் அந்தப் பஞ்சு மயிரையும் வெட்டுக்காயப் பூண்டின் விதைக் குஞ்சத்தையும் கண்ணாடியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒரே நெசவு என்றார். விதை காற்றில் போக இந்தக் குலம் கட்டிக்கொண்ட குடை அது. ஐயாக்கண்ணு தாமே ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, வெற்றிலைத் தட்டை எடுத்துவரச் சொன்னார்.

அப்போதுதான் கேட்டுக்கு வெளியே பார்த்தீனியம் வந்து நின்றது. தனியாக வந்திருந்தது. சாலையோரத்திலிருந்து நடந்து வந்த தூசு இலையெல்லாம் படிந்திருந்தது. பூ அரிசி நொய் அளவு. ஆனால் அந்த நொய்யிலும் தட்டு இருந்தது. ஐயாக்கண்ணு தும்மினார். பத்து வருடமாக அந்தச் செடியால் அவருக்கு மூச்சிளைப்பு, முழங்கையில் அரிப்பு.

"இதையும் கூப்புட்டீங்களா?" என்றார். "இது உள்ள வந்தா நான் வெளிய."

உட்கார்ந்திருந்த அத்தனை செடிகளும் எழுந்து நின்றன. மரம் மட்டும் தலையை ஓட்டுக்கு மேலே நிமிர்த்தியது. செவ்வந்தி தன் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பியது. அவை இன்னும் பத்தடி வைத்திருந்தால் பங்காளி இல்லாத பெண்ணாக இளவரசி மறுபடியும் நின்றிருப்பாள். சிவக்குமார் அவளைப் பார்த்தான். அவள் ஐயாக்கண்ணுவிடம் போனாள்.

"கண்ணாடி வச்சுப் பாத்தீங்கல்லங்க மாமா. அதுவும் பங்காளிதானுங்க. நீங்க ஒருத்தர் வந்தாப் போதும்னு கேட்டீங்க. இதுல யார நான் இல்லீன்னு சொல்றது? இத வெளிய நிறுத்தித்தான் எனக்குக் கல்யாணம்னா, நானும் அதோடயே போய்க்கறனுங்க."

"நொம்பப் பேசறா," என்றார் ஐயாக்கண்ணு, தன் மகனைப் பார்த்து.

"நர்சரியிலயும் இப்புடித்தானுங்கப்பா," என்றான் சிவக்குமார்.

ஐயாக்கண்ணு துண்டை மூக்கில் கட்டிக்கொண்டார். கேட்டுவரை நடந்துபோனார். இரண்டு தடவை தும்மினார், மூன்றாவதை அடக்கிக்கொண்டு கையைக் கூப்பினார். "வாங்க சம்பந்தி," என்றார். "வெயில்ல நிக்காதீங்க."

பார்த்தீனியம் உள்ளே வந்து, காற்று ஐயாக்கண்ணுவிடமிருந்து தன் பக்கம் வீசும் மூலையாகப் பார்த்து உட்கார்ந்தது. வெற்றிலை பாக்கு மாற்றப்பட்டது. பெண் வீட்டு வரிசையில் முதல் தாம்பூலம் வெட்டுக்காயப் பூண்டுக்கு, உள்ளூர் என்பதால். எல்லோரும் விடைபெற்றபோது பார்த்தீனியம் உட்கார்ந்த இடத்தைப் பாவாயி கூர்ந்து பார்த்தாள். ஒரு விதைகூட விடாமல் பொறுக்கிக்கொண்டு போயிருந்தது.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பிறகு வழக்கப்படி பெண் வீட்டார் ஒவ்வொருவரும் புதுமணத் தம்பதியை விருந்துக்கு அழைத்தார்கள். உள்ளூர் விருந்துகளே புரட்டாசிவரை நீண்டன. அதற்குள் இமயமலைப் பனியிலிருந்து ஒரு வெள்ளைப் பூவின் அழைப்பு வந்தது. ஆண்டிஸ் மலையில் கம்பளி போர்த்தியதுபோல் ஆளுயரம் நிற்கும் பெரியப்பா வகையறாவிடமிருந்து இன்னொன்று. மரியஅந்தோணி கணக்குப் பார்த்து, இந்தக் குலத்தில் குறைந்தது இருபத்தையாயிரம் வீடு உண்டு என்றும், பூக்கும் செடிகளில் பத்தில் ஒன்று சம்பந்தி என்றும் சொன்னார். சிவக்குமார் எஸ்டேட் ரைட்டரிடம் லீவு கேட்கப் போனான். ரைட்டர் பதிவேட்டைத் திறந்து, காரணம் என்ற கட்டத்தில் 'மாமனார் ஊட்டு விருந்து' என்று எழுதினார். எத்தனை நாள் என்று கேட்டார். சிவக்குமார் சரியாகச் சொல்ல முடியாது என்றான். பெரிய குடும்பத்தில் பெண் எடுத்தால் அப்படித்தான் என்று சொல்லி அவர் கையெழுத்துப் போட்டார். தையில் மிளகுக்கு வந்தால் போதும் என்றார்.