நாற்பத்துநான்காம் மண்டலம்

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் வீதி வங்கக்கடலுக்குப் போனது. தவறு என்னுடையது.

கோவையில் நில அளவை அலுவலகம் ஒன்றில் வரைவாளராக இருக்கிறேன். அளந்து வந்த எண்களை வரைபட மென்பொருளில் ஏற்றுவது வேலை. ஏற்றும்போது அது ஒரே கேள்வி கேட்கும்: எந்த மண்டலம்? பூமியை ஆரஞ்சுச் சுளைகளாகப் பிரித்து எண் போட்டிருக்கிறார்கள். ஒரு சுளையில் வரும் அளவெண்கள் அடுத்த சுளையிலும் அப்படியே திரும்ப வரும். கோவைக்கு நாற்பத்துமூன்று. சென்னைக்கு நாற்பத்துநான்கு. நான் சென்னையில் பதினோரு வருடம் இருந்துவிட்டு வந்தவன். கை பழக்கத்தில் நாற்பத்துநான்கை அழுத்தியது. நஞ்சம்மாள் நகர் நான்காம் வீதி, பதினெட்டு வீடுகளோடு, கிழக்கே அறுநூற்றைம்பது கிலோமீட்டர் நகர்ந்தது.

வரைபடத்தில் கையெழுத்து விழுந்துவிட்டால் நிலம் அதன்படி நடந்துகொள்ள வேண்டும். அப்படித்தான் அரசாணை.

மனைவி பூங்கோதை போன் செய்தாள்.

"ஏனுங்க, அடுப்படில தண்ணி. நக்கிப் பாத்தேன், உப்புங்க."

"கட்டில் மேல ஏறிக்க. இதா வந்தர்றேன்."

துணை இயக்குநர் ஞானசிகாமணியின் அறைக்கு ஓடினேன். எங்கள் அலுவலகத் தாழ்வாரத்தை மில்லிமீட்டரில் வரைந்து மீட்டரில் ஏற்றியிருந்தார்கள். ஆயிரம் மடங்கு நீளம். வழியில் இரண்டு முறை மதியம் வந்தது.

ஞானசிகாமணி எதையும் படிக்காமல் கையெழுத்திடுபவர். அதற்கு 'வேகம்' என்று பெயர் வைத்து விருதும் வாங்கியிருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி. அதில் அவருடைய கையெழுத்து உட்கார்ந்திருந்தது.

"சார், எங்க வீதி கடல்ல கெடக்குது. வீட்டுக்காரி உள்ள இருக்கறா."

"வரைபடத்துல கடல்லதான இருக்குது?"

"ஆமாங் சார்."

"அப்ப சரியாத்தான்யா இருக்குது."

"நான் தப்பா ஏத்திட்டேன் சார்."

"நீ தப்பா ஏத்தலாம். நான் தப்பா கையெழுத்துப் போடுவனா?" பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். கையெழுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. "திருத்தறதுக்கு வழியில்ல. புதுசா ஏதாச்சும் சேக்கணும்னா சேத்துக்கலாம்."

"என்னையச் சேத்துருங்க சார். அந்த வீட்லயே."

படிக்காமல் கையெழுத்திட்டார்.

கணினியில் பெனிட்டா இருந்தாள். அலுவலகத்திலேயே கவனமான பெண். என்னை ஒரு புள்ளியாகக் குறித்துக்கொண்டாள். புள்ளி எவ்வளவு தடிமன் என்று கேட்டாள். சொன்னேன்.

"மண்டலம் நாப்பத்துநாலு போடும்மா. மாத்தீராத."

போன் அடித்தது.

"கட்டில் மெதக்குதுங்க."

"கெளம்பிட்டேன் பூங்கோத. தலகாணியக் கெட்டியா புடிச்சுக்க."

பெனிட்டா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏனுங்ணா, நம்மூருக்கு நாப்பத்துமூணுங். நல்லவேள, நான் பாத்தேன். திருத்திட்டேன்."

"வேண்டா—"

அழுத்திவிட்டாள்.

செம்மண்ணில் நின்றேன். பதினெட்டு வீடுகள் இருந்த இடம் துடைத்துப் போட்டதுபோல் காலியாக இருந்தது. எங்கள் அடுப்படிக்கு நேராக, ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் நின்றேன். வேறெங்கும் கால் நகரவில்லை.

போனில் அலைச் சத்தம் கேட்டது.

"எங்கீங்க இருக்கறீங்க?"

சுற்றிலும் பார்த்தேன்.

"வீட்லதான் இருக்கறேன்" என்றேன்.

"நானும் வீட்லதானுங்க இருக்கறேன்" என்றாள்.