வலைத்துணி மூடி

உங்கள் வீட்டிலிருந்து கடல் தாண்டி வேலைக்குப் போனவர் யாராவது, உங்களை நம்பி ஒரு சிலந்தியை விட்டுவிட்டுப் போயிருக்கிறாரா? தையற்கார அக்காவின் தம்பி அப்படித்தான் போனான். ஒட்டடையில் தொங்கும் சிலந்தி அல்ல. உள்ளங்கை அகலத்துக்கு, மேலெல்லாம் ரோமம் அடர்ந்த டரன்டுலா. கண்ணாடிப் பெட்டியில் முக்கால்வாசி மண், அதன்மேல் ஒரு மரப்பட்டை, ஒரு தண்ணீர்க் கிண்ணம், அவ்வளவுதான் அதன் வீடு. அசையாமல் உட்கார்ந்து எல்லோரையும் வேவு பார்க்கிறது என்று அதற்கு மாமியார் என்று பேர் வைத்திருந்தான், கல்யாணமே ஆகாத பயல்.

அக்காவும் தம்பியும் ஒரே அறையில் வளர்ந்தவர்கள். நடுவில் ஒரு துணித் திரை. இந்தப் பக்கம் இவளுடைய தையல் மெஷின், அந்தப் பக்கம் அவனுடைய கட்டிலும் மாமியாரும். மெஷின் ஓடத் தொடங்கினால் போதும், திரைக்கு அப்பாலிருந்து குரல் வரும்.

"மெதுவா மிதிக்கா, மாமியார் தூங்குது."

"உன் மாமியாருக்குத் தாலாட்டுப் பாடத்தான் நான் பொறந்தேனாக்கும்!"

அப்போது அது எரிச்சலாக இருந்தது. இப்போது திரையைக் கழற்றி மடித்து வைத்தாயிற்று. அறை பெரிதாகிவிட்டது. தைக்கிற தையலை நடுவில் நிறுத்திவிட்டுக் காது கொடுத்துப் பார்ப்பாள். ஒரு சத்தமும் வராது.

தம்பி ஞாபகம் வந்தால் எழுந்துபோய்ப் பெட்டியைத் துடைப்பாள். அந்த ஏக்கம்தான் வினையாகப் போயிற்று. ஒருநாள் துடைத்துக்கொண்டிருந்தவளுக்கு, 'பாவம், கழுத்து வரைக்கும் மண்ணு, மேலே ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மூடி, மூச்சு முட்டாதா' என்று தோன்றியது. மாமியாரை ஒரு டப்பாவுக்குள் ஒதுக்கிவிட்டு, மண்ணில் பெரும்பங்கை வாளியில் அள்ளிக் கொட்டினாள். கவுன் தைத்து மிஞ்சிய வலைத்துணிக்கு ஓரத்தில் எலாஸ்டிக் வைத்து, அளவு பிசகாமல் ஒரு மூடி தைத்துப் போட்டாள். தொட்டிலுக்குக் கொசுவலை கட்டினது போல அழகாக இருந்தது.

சாயங்காலம் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் தற்செயலாக நிமிர்ந்தாள். மாமியார் கண்ணாடியில் ஏறி, மூடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலின் நகம் வலைக்கண்ணில் மாட்டியிருந்தது. அது இழுக்க இழுக்க இழை இறுகியது.

வீடியோவில் தம்பியைக் கூப்பிட்டாள். வேலைத்தள ஹெல்மெட்டோடு போனில் முகம் காட்டினான்.

"அக்கா, மண்ணு எங்க?"

"வாளியில இருக்கு. நடமாட இடம் வேணாமாடா அதுக்கு?"

"அது என்ன வாக்கிங்கா போகுது? தண்ணி நெறஞ்ச பலூன் மாதிரிக்கா அதோட வயிறு. உசரத்துல இருந்து விழுந்தா வெடிச்சிரும். அதுக்குத்தான் மூடிக்குக் கிட்டக்க வரைக்கும் மண்ணு போட்டிருந்தேன்."

அவள் மூடிப் பக்கம் கையைக் கொண்டுபோனாள். "பிடிச்சு இழுத்து விடட்டுமா?"

"ஐயோ, தொட்டுடாத! கீழ மெத்துனு எதையாவது போடு மொதல்ல."

மெஷினுக்கடியில் கிடந்த வெட்டுத்துணியை வாரினாள். மூடியின் ஒரு மூலையை மட்டும் விலக்கி, மாமியாரின் முதுகுக்குக் கீழே மேடு தட்டும் வரை திணித்தாள். பிறகு நூல் வெட்டும் சின்னக் கத்தரியால் நகத்தைச் சுற்றி ஒவ்வொரு இழையாக நறுக்கினாள். எத்தனை பேர் துணியில் அஞ்சாமல் கத்தரி வைத்தவள், அன்று ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"பயப்படாதக்கா. கடிச்சாக்கூட தேனீ கொட்டின மாதிரிதான் இருக்கும்."

"கடிச்சாக் கடிச்சிட்டுப் போகட்டும். நீ விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான். இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் மூஞ்சில எப்படிடா முழிப்பேன்?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தான்.

கடைசி இழை அறுந்தது. மாமியார் துணிமேட்டில் சரிந்து, புரண்டு, எழுந்து உட்கார்ந்தது. மாட்டிய கால் மட்டும் கோணிக்கொண்டு நின்றது.

"பொழைக்குமாடா?"

"வயிறு தப்பிச்சிருச்சுல்ல? காலு போனாலும் தோல் உரிக்கிறப்ப மறுபடி முளைச்சுக்கும். காலையில பார்த்துட்டுச் சொல்லு." போனை வைக்காமல் இழுத்தான். "அக்கா... கொஞ்சம் மெஷினை மிதியேன். கேட்டு நாளாச்சு."

போனைச் சாய்த்து வைத்துவிட்டு, வெறுந்துணியை ஊசிக்கடியில் கொடுத்து நேர்த்தையலாக ஓட்டினாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் போனை வைத்ததும் மாமியாரை மறுபடி டப்பாவுக்குள் ஒதுக்கிவிட்டு, துணியை உருவி, மண்ணைப் பழையபடி நிரப்பி, அதை இறக்கிவிட்டுப் பிளாஸ்டிக் மூடியைப் போட்டாள்.

மறுநாள் காலையில் மண்ணின்மேல் ஒரு கால் தனியாகக் கிடந்தது. மாமியார் ஏழு காலோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.