போன் நடத்திய வகுப்பு

கேரளத்துப் பொன்முடி எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளும் நாச்சியாருக்கு, மகள் நீது தமிழ்ப் புத்தகத்தைக் கடகடவென்று வாசிப்பதைக் கேட்டால் உடம்புவலி பாதி இறங்கிவிடும். லயத்து வீட்டுக்கு யார் வந்தாலும் வாசித்துக் காட்டச் சொல்லுவாள். அன்று பசு மாட்டுப் பாடம். விளையாட்டாக, கறை ஏறிய கையால் மாட்டுப் படத்தை மறைத்தாள். நீது நின்றுவிட்டாள்.

"வாசிடி."

"படம் தெரியலையேம்மா."

நாச்சியார் புத்தகத்தை மூடினாள். சுவரில் கரித்துண்டால் 'பசு' என்று எழுதினாள். ரெண்டாம் வகுப்புப் பிள்ளை பேந்தப் பேந்த விழித்தது.

"டீச்சர் என்னதான் சொல்லித் தராங்க?"

"டீச்சர் போன்ல பாடத்தைப் போட்டு வைப்பாங்க. அது வாசிக்கும், நாங்க கூடச் சொல்லுவோம். சிக்னல் இல்லன்னா விளையாட்டு."

மறுநாள் வேலைக்குப் போகாமல், நீதுவை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஏறினாள். ஸ்வப்னா டீச்சர் முன்னால் புத்தகத்தை விரித்தாள்.

"ஒரு வரி வாசிங்க டீச்சரே."

டீச்சர் தலைகுனிந்தாள். "சேச்சி, எனக்குத் தமிழ் பேச வரும். வாசிக்க அறியில்ல. வேலைக்கு வந்த அன்னிக்கே ஹெட்மாஸ்டர் சாரிடம் சொன்னேன்."

பக்கத்து மேசையில் இருந்த தலைமையாசிரியர் ஸ்ரீகண்டன் கண்ணாடியைத் துடைத்தார். "பிள்ளையை மலையாளப் பிரிவுக்கு மாத்திடு, பிரச்சினை தீர்ந்தது. இல்லேன்னா வீட்டில் நீயே படிப்பி. உனக்குத்தான் தமிழ் எழுத்து தெரியுமே."

"படிப்பிக்கேன் சாரே, நீங்க போய் என் கூடையைத் தூக்கிக் கொழுந்து கிள்ளுங்க! மொட்டு எது, முத்தின இலை எதுன்னு தெரியாதவளைச் சூப்பர்வைசர் ஒருநாள்கூடக் காட்டுல விடமாட்டான். செடிக்கு உள்ள மரியாதை எங்க பிள்ளைக்குக் கிடையாதா?"

நாச்சியார் டீச்சர் பக்கம் திரும்பினாள். "இப்பச் சொன்னதை எழுதித் தாங்க."

"ஸ்வப்னே, எழுதினா டீச்சர் ஜோலி போகும்" என்றார் அவர்.

"போகட்டும் சாரே. ஒரு வருஷமா போனைப் பிடிச்சுட்டு நிக்கிறேன். நாணக்கேடு."

மலையாளத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

நெடுமங்காட்டுக் கல்வி ஆபீசுக்குப் போகும் பஸ் வளைவுகளில் இறங்கியது. நாச்சியாருக்கு மலையாளம் பேச வரும், எழுத்து தெரியாது. கண்டக்டரிடம் தாளை நீட்டினாள்.

"அண்ணே, உள்ளதை அப்படியே தமிழ்ல சொல்லுங்க."

கண்டக்டர் தாளைப் பார்த்துச் சொன்னார்: "எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தமிழ் வகுப்பு எடுக்க என்னை அனுப்பியிருக்கிறார்கள்."

பின் சீட்டில் எவனோ சிரித்தான். நாச்சியார் திரும்பிப் பார்த்த பார்வையில் அடங்கிப்போனான்.

"இப்ப மலையாளத்துலயே வாசிங்க அண்ணே, மெதுவா" என்றாள். "ஆபீசுல எவனாவது இதை மாத்தி வாசிச்சா எனக்குத் தெரியணும்."