மோட்டாரைத் தூக்கிய நாள்

மரக்காணம் உப்பளங்களுக்கு மேற்கே அண்ணன் தம்பி இருவருக்கும் அடுத்தடுத்த கரும்புக் கொல்லை, கிணறு பொது. 2004-இல் தம்பி செத்தான். அந்தக் கோடையில் அண்ணன் தனகோடி மோட்டார் கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான்.

"மாமா, ஒரே ஒரு பாய்ச்சல். கரும்பு காயுது" என்று கெஞ்சினாள் தம்பி மனைவி அமராவதி.

"பாக்கலாம் போ."

கரும்பு நின்ற இடத்திலேயே சருகானது. அமராவதியே அதற்குத் தீ வைத்தாள். அவன் கரும்பும் இப்படிப் போகணும் என்று புகைக்கு நடுவே நின்று வாய்விட்டுச் சொன்னாள்.

கழுத்துச் சங்கிலியை விற்றுத் தன் கொல்லையில் போர் போட்டாள். ஆழம் போனால் உப்பு ஏறும் என்று போர்க்காரர் எச்சரித்ததால் மேல் ஊற்றோடு நிறுத்திக்கொண்டாள். கிடைத்த கொஞ்சத் தண்ணீர் போதும்படி மானியத்தில் சொட்டுநீர்க் குழாய் பதித்தாள்.

தனகோடி வரப்பில் நின்று சிரித்தான். "கொழந்தைக்கு மருந்து ஊத்துறா பாரு!"

அவனோ பொதுக் கிணற்றுக்குள் ஆழமாகப் போர் இறக்கி, பெரிய மோட்டார் வைத்து, நாள் முழுக்க வெள்ளமாய்ப் பாய்ச்சினான். போர்க்காரர் சொன்னதை அமராவதி அவனிடம் சொல்லவில்லை.

அடுத்த கோடையில் அவன் தண்ணீர் கரித்தது. கரும்புத் தோகை நுனி கருகியது. தண்ணீர் கேட்டு மனைவி வேலம்மாளைத் தூது அனுப்பினான்.

"அவரையே வரச் சொல்லுங்கக்கா" என்றாள் அமராவதி.

அவள் கரும்பில் ஆட்கள் காய்ந்த சோகையை உரித்துக்கொண்டிருந்தபோது வந்தான். "கொஞ்சம் தண்ணி வேணும்மா."

"சத்தமா கேளுங்க மாமா."

கேட்டான். ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நீங்க ஆழத்துலேர்ந்து உறிஞ்சுறதாலதான் உப்பு ஏறுது. என் போரும் கெட்டுடும். மொதல்ல மோட்டாரத் தூக்குங்க, அப்புறம் பேசலாம்."

மறுநாள் ஆள்வைத்து மோட்டாரைத் தூக்கிவிட்டு, வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தான். "தூக்கிட்டேன்மா. தண்ணி எப்பத் தர்ற?"

"பாக்கலாம் போங்க."

அவன் முகம் விழுந்தது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் அவள் ஒரு வருஷம் காத்திருந்தாள். ஆடிக்குள் அவன் கொல்லை முழுதும் பட்டுப்போனது. தினமும் வரப்பில் நின்று ஆசைதீரப் பார்த்தாள்.

தைக்குப் பிறகு அமராவதியின் கரும்பு வெட்டு. கூலிக்கு வந்தவர்களில் வேலம்மாளும் இருந்தாள். வெட்டிய கரும்பைக் கட்டிக்கொண்டே சொன்னாள்.

"நீ சொன்னபடி தூக்கினாரே. அப்பவாவது குடுத்திருக்கலாம்."

"குடுத்திருக்கலாம்தான்க்கா" என்றாள் அமராவதி. "மனசு வரல."

இருவரும் அடுத்த வரிசைக்குக் குனிந்தார்கள்.