பத்தாவது நாற்காலி

1
இந்தக் கதை பொழுதுபோகாமல் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் அக்கா நர்ஸ். பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் கொள்ளைநோய்த் தடுப்பூசி போடுகிறாள். சாப்பாடு கொண்டுவந்த என்னை, "இருடா, டப்பாவை எடுத்துட்டுப் போ" என்றாள். மணி நாலாகிவிட்டது. டப்பாவை அவள் இன்னும் திறக்கவில்லை.

2
முதல் தொடக்கம்: ஏழை நாடொன்றில் நம்பிக்கையின் ஒளியாக

(அடித்துவிட்டேன். ஒளி வந்தால் எனக்கே கொட்டாவி வருகிறது.)

இரண்டாவது: ஒன்பதாவது நாற்காலியில் தையல்காரர் இருமினார்.

இது நிற்கும். உண்மையும்கூட. அவருக்கு ஆஸ்துமா. ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. திறந்தால் அன்றே தீர்க்க வேண்டும். மருந்து வருவதே கொஞ்சம், ஆகவே பத்துப் பேர் சேராமல் திறக்கக்கூடாது என்று மேலிட உத்தரவு. ஆள் சேராமல் இரண்டு நாள் திரும்பிப் போனவர் அவர். இன்றும் ஒன்பது பேர்தான்.

"இன்னிக்கும் இல்லன்னா விட்டுடும்மா. இனிமே கடையைப் பூட்டிட்டு அலைய முடியாது."

"அஞ்சு மணி வரைக்கும் பாப்போம்ணே. நூத்துக்குத் தொண்ணூறு பேர் போட்டாச்சு. மிச்சப் பேரைத் தேடித்தான் காலையில வீடு வீடா ஏறி இறங்குனேன்."

இவர் இன்று போனால் திரும்ப வரமாட்டார் என்பது அக்காவுக்குத் தெரியும். இந்தக் கதையில் ஊசியைப் பற்றிய வர்ணனை இராது.*

*எனக்கு ஊசி என்றால் பயம். நாலு மாதமாக அக்காவிடம் "அடுத்த வாரம்" சொல்லி வருகிறேன். கதைக்குத் தேவையில்லாத தகவல், கடந்து போங்கள்.

3
பத்தாவது ஆளை நானே அனுப்பிப் பார்த்தேன்.

லாரி ஓட்டுநர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வருகிறார். [சரியாகக் கடைசி நிமிடத்திலா? நீங்கள் நம்பமாட்டீர்கள்.]

காலையில் அக்கா முகத்தில் கதவைச் சாத்திய வீட்டுக்காரர் மனம் திருந்தி [திருந்துகிறவர்கள் ஏன் எப்போதும் கடைசிப் பக்கத்திலேயே திருந்துகிறார்கள்?]

4
"என்னடா எழுதுற?"

"பத்தாவது ஆளைத் தேடிட்டிருக்கேன்க்கா."

நோட்டை வாங்கிப் படித்தாள். அடிக்குறிப்பில் நின்றாள்.

"உனக்கு நான் போன மாசமே போட்டுட்டேன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கியாமே?"

தையல்காரர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி நெடுநேரம் நிற்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"வாங்க தம்பி," என்றார் மூச்சு வந்ததும். "கண்ணை மூடிக்கிட்டா ஆச்சு."

5
மணி ஐந்தாகப் போகிறது. குப்பி அக்கா கையில், திறக்காமல். பத்தாவது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இடது கைச் சட்டையைச் சுருட்டியாயிற்று. "இந்த வரியை மட்டும் முடிச்சுக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், அதனால்தான் இந்த வரி முடியாமல் நீள்கிறது, ஜன்னலை வர்ணிக்கலாமா, கரும்பலகையில் அழிக்காமல் விட்ட முக்கோணத்தை வர்ணிக்கலாமா என்று பார்க்கிறேன், தையல்காரர் குடையை எடுத்துக்கொண்டு எழுகிறார், வாசகரே, எனக்குக் கை வரவில்லை, முற்றுப்புள்ளியை நீங்களே வைத்துவிடுங்கள், கொஞ்சம் சீக்கிரம்