ஏழாயிரம் சுற்று

மனைவி தையல் மெஷினை மிதித்தாள். கணவர் வைண்டர் விரல் நுனியில் கம்பியைப் பிடித்திருந்தார். பாபின் சுற்றும் சின்னச் சக்கரத்தில் பாபினுக்குப் பதிலாக விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம் ஒட்டியிருந்தது. தாமிரக் கம்பி அதில் ஏறிக்கொண்டிருந்தது. தலைமயிரைவிட மெல்லிய கம்பி. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும். மற்ற நேரம் எல்லாம் நம்பிக்கைதான்.

"எவ்வளவு ஆச்சு?"

அவள் கால்குலேட்டரை எட்டிப் பார்த்தாள். அதன் சமக்குறிப் பொத்தானிலிருந்து இரண்டு ஒயர் இழுத்துச் சக்கரத்தோடு சேர்த்திருந்தார். ஒரு சுற்றுக்கு ஒன்று என்று அது தானாகக் கூட்டிக்கொண்டே போனது.

"ஐயாயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு. என் கால் எங்க இருக்குன்னே தெரியலை."

"ஏழாயிரத்துல நிறுத்திடலாம்."

"நாளைக்கு நாப்பது தலையணை உறை தெச்சுக் குடுக்கணும், தெரியுமில்ல? இன்னொரு தடவை தும்மினீங்க, நான் எந்திரிச்சுப் போயிடுவேன்."

முதல் சுருள் ஒரு தும்மலில்தான் அறுந்தது. அப்போது கணக்கு ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்தில் நின்றது. தும்மலுக்கு இரக்கம் கிடையாது.

மோட்டார் பட்டறையில் கருகிப்போன மோட்டார்களுக்குப் புதுச் சுருள் கட்டுவது அவருடைய பகல் வேலை. இருபது வருடமாகச் செய்வதால் எல்லோருக்கும் அவர் வைண்டர். சனி, ஞாயிறு மாலைகளில் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் எலக்ட்ரிக் கிட்டார் வாசித்தார். பட்டறைச் சம்பளம் வயிற்றுக்கு, ஹோட்டல் சம்பளம் வாடகைக்கு. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

கிட்டார் மூன்று கை மாறி வந்தது. தந்திகளுக்குக் கீழே, அவற்றின் அதிர்வை மின்சாரமாக்கும் இரண்டு காந்தச் சுருள்கள் இருந்தன. பிக்கப் என்பார்கள். இரண்டும் செத்துக்கொண்டிருந்தன. பாட்டைவிட இரைச்சல் அதிகம். ஹோட்டல் லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்பதைக் கிட்டாரே சொல்லிவிடும். இரைச்சலைக் கேட்டு ஒருநாள் தேனீக் கூட்டம் ஜன்னல் வழியாக வந்ததாக டிரம் வாசிக்கும் மச்சினன் ஊரெல்லாம் சொல்லியிருந்தான். வைண்டர் அதை மறுத்தார். வந்தவை இரண்டே தேனீக்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "அடுத்த சனிக்கிழமை இரைச்சல் இருந்தா, வாசலோட திரும்பிப் போயிடுங்க."

புது பிக்கப் ஒரு ஜோடி இரண்டு மாத வாடகை. மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று பட்டறையில் ஆள் சீண்டாமல் கிடந்தது. முதலாளி அதைச் சும்மா தரவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கச் சம்பளமில்லாமல் வேலை செய்து கொடுப்பதாகப் பேச்சு. பழைய காந்தங்களில் சக்தி இருந்ததால் அவற்றையே வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை மச்சினன் வீட்டில் சோதனை. ஆம்ப்ளிஃபயரில் சொருகி, கிட்டாரின் கழுத்துப் பக்கத்து பிக்கப்பை மட்டும் போட்டு வாசித்தார். நன்றாக இருந்தது. அடுத்ததை மட்டும் போட்டார். அதுவும் நன்றாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் போட்டார். மச்சினன் முகத்தைச் சுளித்தான்.

"மாமா, தனித்தனியா புலி. சேர்த்தா கொசு."

வைண்டர் கிட்டாரை மடியில் கவிழ்த்து வைத்துக் கொஞ்ச நேரம் தன் வலது கையையே பார்த்தார்.

"கை பண்ணின வேலை மாப்ளே. மோட்டார்ல ஒரு சுருளை இப்படிச் சுத்தினா, பக்கத்துச் சுருளை எதிர்ப்பக்கமாச் சுத்தணும். ரெண்டாவது சட்டத்தை என்னைக் கேக்காமலே கை தலைகீழா ஒட்டியிருக்கு. இப்ப ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்குது."

"கம்பி மிச்சம் இருக்கா?"

"இல்லை."

"அக்கா மறுபடி மிதிக்குமா?"

"என்னைத்தான் மிதிப்பா."

மச்சினன் சிரிக்கவில்லை. வாடகை அவனுக்கும் இருந்தது. வைண்டர் மட்டும் ஆம்ப்ளிஃபயரைக் காட்டினார். "காதை வெச்சுக் கேளு. இரைச்சல் வருதா?"

அவன் குனிந்து கேட்டான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான். "சுத்தமா இல்லையே!"

"அதுவும் அடிச்சுகிட்டுச் செத்துப்போச்சு. அதை அப்படியே சாக விடு. இரைச்சல் காந்தத்தைத் தேடி வர்றதில்லை, கம்பிக்குத்தான் வருது. தந்தியோட சத்தத்துக்குத்தான் காந்தம் வேணும். ஒரு காந்தத்தைத் திருப்பிப் போட்டா சத்தம் ரெண்டும் ராசியாயிடும். இரைச்சல் மட்டும் சண்டை போட்டுட்டே கிடக்கும். ஸ்க்ரூடிரைவர் எடு."

கால் மணி நேரம் ஆனது. முதல் மீட்டலிலேயே மேஜை மேலிருந்த டம்ளர் இரண்டு விரற்கடை நகர்ந்தது. நான்கு விரற்கடை என்பான் மச்சினன்.

சனிக்கிழமை லிஃப்ட் தன் பாட்டுக்கு ஏறி இறங்கியது. கிட்டார் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட வந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் ஹோட்டல் ஆள் ஒருவர் ஒரு சின்னப் பெட்டியில் பதிவு செய்துகொண்டிருந்தார். வைண்டர் நிமிர்ந்து உட்கார்ந்து இன்னும் நன்றாக வாசித்தார். ஞாயிற்றுக்கிழமையும் பெட்டி வந்தது. அவரும் விட்டுவைக்கவில்லை, தெரிந்த பாட்டையெல்லாம் வாசித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொன்னார். அது முன்பு நடந்ததில்லை.

"உங்க மேல ஒரு குறையும் இல்லை. ரெண்டு நாளும் அருமையா ரெகார்ட் ஆயிடுச்சு. இத்தனை நாள் அந்த இரைச்சலாலதான் பண்ண முடியாம இருந்துச்சு. இனிமே அதையே போட்டுக்குவோம், நீங்க சிரமப்பட வேண்டாம்."

வைண்டர் எழுந்தார். மேனேஜர் மறுபடி உட்காரச் சொன்னார்.

"ஆனா மேடை வெறுமையா இருக்கக்கூடாதுன்னு முதலாளி நினைக்கிறார். கிட்டாரை மட்டும் சாயங்காலம் கொண்டுவந்து ஸ்டாண்டில வெச்சுட்டு, ஒன்பது மணிக்கு எடுத்துட்டுப் போங்க. கால்வாசிச் சம்பளம் தர்றோம். டிரம் வேண்டாம். அந்த இடத்துல ரெண்டு டேபிள் போடலாம்."

வீட்டில் சொன்னபோது மனைவி தையலை நிறுத்தவில்லை. "கால்வாசியா?" என்று மட்டும் கேட்டாள்.

சனிக்கிழமை வைண்டர் கிட்டாரைத் துடைத்து ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு வெளியே ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். கூடத்தில் உட்கார அவருக்கு அனுமதி இல்லை. கதவு திறக்கும்போதெல்லாம் மேடை தெரிந்தது. மஞ்சள் விளக்கின் கீழே கிட்டார் தனியாக நின்றது, ஒயர் சொருகாமல். கூரை ஸ்பீக்கரிலிருந்து பாட்டு வந்தது. மூன்றாவது பாட்டில் அவர் ஒரு இடத்தில் கொஞ்சம் தாமதிப்பார். அங்கே சரியாகத் தாமதித்தது.

பாட்டு முடிந்ததும் கை தட்டினார்கள். பெரியவர் ஒருவர் எழுந்து மேடைக்குப் போய், கிட்டாருக்குத் தலையசைத்துவிட்டு, தந்திகளுக்கு இடையே ஒரு நோட்டை மடித்துச் சொருகினார். அவர் போய் உட்காரும் வரை ஒரு வெயிட்டர் காத்திருந்தான். பிறகு நோட்டைத் தந்தி அதிராமல் மெதுவாக உருவி, கல்லாவுக்குக் கொண்டுபோனான்.