வீட்டோடு மாப்பிள்ளை

"பாதிப் பேரைச் சொன்னா வருவானா? முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிடு" என்றார் என் கணவர், தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நீர்ப் பரிசோதனைக் கூடத்தின் இரண்டாம் மாடியில் எங்கள் மேசைகள் எதிரெதிரே இருந்தன. தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனவர்கள் முடிவைப் பார்க்கும் இணையப் பக்கங்களை நான் பிஎச்பி என்ற கணினி மொழியில் எழுதினேன். அந்த முடிவைக் கணக்கிடும் ஆப்ஜெக்டை, அதாவது தனி நிரல் துண்டை, அவர் டாட்நெட் என்ற வேறு தொழில்நுட்பத்தில் எழுதியிருந்தார். என் நிரல் அதைப் பெயர் சொல்லி அழைத்து விடையை வாங்கிக்கொள்ளும். வேறு வீட்டில் பிறந்து என் வீட்டில் வேலை செய்கிறது என்பதால் அதை வீட்டோடு மாப்பிள்ளை என்போம். பதிப்பு எண், சாவி எண் எல்லாம் சேர்த்து அதன் பெயர் ஒன்றரை வரி நீளும். அன்று நான் முதல் சொல்லோடு நிறுத்தியிருந்தேன்.

"புருஷன் பேரைச் சொல்லக் கூச்சப்படுற மாதிரில்ல முழுங்கி வச்சிருக்கே."

"மாப்பிள்ளைக்கு இவ்வளவு மரியாதை ஆகாதுங்க. உங்களுக்கே நான் குடுத்ததில்ல."

"அதான் ஊருக்கே தெரியுமே" என்று எழுந்து, பிரிண்டருக்குக் காகிதம் எடுக்கக் கீழே போனார். படிக்கட்டுத் திருப்பத்தில் விழுந்தார். இதயம். நாற்பத்தாறு வயது.

பத்தொன்பதாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். பக்கங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் கணக்கு யார் யாருக்கோ விடை சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு எதுவும் தோன்றவில்லை.

மேனேஜர் வந்து நின்றார். "வெள்ளிக்கிழமை பழைய சர்வரை எடுத்துடுறோம்மா. பழசு மாதிரி விண்டோஸ் இல்ல, புதுசு லினக்ஸ். அந்த ஆப்ஜெக்டை அங்கே கூப்பிட முடியாது. கணக்கை நீங்களே பிஎச்பியில எழுதிடுங்க. அவர் எழுதின நிரல் எங்க இருக்கு?"

"அவர் லேப்டாப்ல. பாஸ்வேர்டு தெரியாது சார்."

"பரவாயில்ல. சர்வர்ல இருக்கிற கோப்பைப் பிரிச்சுப் பாக்க மென்பொருள் இருக்கு."

"வேண்டாம் சார். கேட்டே தெரிஞ்சுக்கிறேன்."

பிரேதப் பரிசோதனை அறைக்கு வெளியே ஏற்கெனவே ஒருமுறை உட்கார்ந்திருந்தேன்.

மூன்று நாள் கேட்டேன். அளவீடுகளைக் கொடுப்பேன், அது விடை தரும், குறித்துக்கொள்வேன். சூத்திரங்கள் வேதியியல் பிரிவு அக்காவின் அட்டவணையில் இருந்தன. என் கணக்கை எழுதி முடித்து, பழைய நாலாயிரம் மாதிரிகளை இரண்டிலும் ஓட்டினேன். அவர் போட்ட கணக்கு என் கையில் மாறிவிடக் கூடாது. அந்த நாட்களில் நான் வேண்டியது அது ஒன்றைத்தான்.

நான்கில் ஒன்று ஒத்துவரவில்லை. இரண்டு அளவீடுகளின் சராசரி நூற்று நாற்பத்து நான்கரை வந்தால் எனக்கு 145, அவருக்கு 144. நூற்று நாற்பத்து ஐந்தரை என்றால் இருவருக்கும் 146.

அக்காவிடம் தாளைக் காட்டினேன்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் அரையை ஒரு தடவை மேல தள்றார், ஒரு தடவை கீழ தள்றார். ஆளு மாதிரியே கணக்கும்" என்றவர், சட்டென்று வாயை மூடிக்கொண்டார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

முழு எண்ணாக்கும்போது டாட்நெட் அரையை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளும். பிஎச்பி எப்போதும் மேலே தள்ளும். அவர் அதை யோசித்துக்கூட இருக்க மாட்டார்.

"ரெண்டும் தப்பில்ல" என்றார் அக்கா. "ஆனா இத்தனை வருஷத் தாளும் அவர் கணக்குலதான் வெளிய போயிருக்கு. நீ மாத்தினா ஒரே தண்ணிக்கு ரெண்டு பதில் ஆயிடும்."

இதைச் சரிசெய்யப் பெரிதாக எழுத வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். கையேட்டைப் பார்த்தபோது, அரையைத் தள்ளும் அதே கட்டளையில் கூடுதலாக ஒரே ஒரு சொல் போதும் என்றிருந்தது. சேர்த்தேன். நாலாயிரமும் ஒத்துப்போயின.

வெள்ளிக்கிழமை மதியம் சர்வரைக் கழற்ற வந்தவர் கேபிளில் கை வைத்துக்கொண்டு கேட்டார். "எல்லாம் எடுத்தாச்சுங்களா?"

"ஆச்சு."

நூற்று நாற்பத்து நான்கரை எங்கள் கூடத்தில் இப்போதும் நூற்று நாற்பத்து நான்குதான்.